கறுப்புத் துணிக்குள் உன் அப்பா

அன்பான அருளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல அதை அப்பாவுக்கு நான்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் படித்தேன், கடைசியில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். "கல்யாணத்துக்கு அப்பா அந்தக் கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கிரேஸின் அப்பா மதராஸிலிருந்து ஸ்டூடியோக்காரரை வரவழைக்கிறார். அப்பா எல்லாரையும்போல கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும்" என்று எழுதியிருக்கிறாயே, அது என் வாயில் வரவில்லை. ஆண்டவர் உங்களைக் காப்பாராக என்று நானே ஒரு முடிவைச் சேர்த்துச் சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுப் பித்தளையெல்லாம் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். கறுப்புத் துணியைத் துவைத்துத் தரச் சொன்னார். இன்றைக்குத்தான் துவைத்துப் போட்டேன். அது கொடியில் காய்வதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீ எழுதியதை அவரிடம் சொல்ல எனக்குத் திராணி இல்லை. அவர் விஷயத்தை உன்னிடம் சொல்லக் கூடாது என்று வேதபுத்தகத்தின்மேல் என் கையை வைக்காத குறையாக வாக்கு வாங்கியிருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன செய்வேன், சொல். மூன்று நாளாக யோசித்து, கடைசியில் வாக்கைத்தான் மீறுகிறேன். ஆண்டவர் என்னை மன்னிப்பார், அவர் இரக்கமுள்ளவர். உன் அப்பா மன்னிப்பாரா தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், கண்ணு. உன் அப்பாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ஓரத்திலிருந்து உள்ளே, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது.

உனக்கு அந்தப் பெட்டி என்றால் இப்போது எரிச்சல்தான் வருகிறது. அது வீட்டுக்கு வந்த கதை தெரியுமா என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்களுக்குக் கல்யாணமான புதிது. தோல் வாங்க ஆம்பூருக்கு வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார துரைக்குக் கடிகாரம் நின்றுபோயிற்று. மதராஸில் இரண்டு கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்களாம். டேனரியில் தோல் ரகம் பிரிக்கிற ஆள் ஒருவர் பொழுதுபோகாமல் கடிகாரம் பிரித்துப் பார்ப்பார் என்று யாரோ சொல்லி, அது அப்பாவிடம் வந்தது. அவர் அதை ஓட வைத்தார். துரை ஊருக்குத் திரும்பும்போது மகிழ்ந்துபோய் இந்தக் கேமராவையும் முக்காலியையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் குத்துவிளக்கு மாதிரி ஏதாவது உருப்படியாகக் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். தேக்குப் பெட்டி, பித்தளை மூக்கு, நடுவே சிவப்புத் தோலில் துருத்தி. அந்தத் துருத்தியில் பொத்தல். வெளிச்சம் உள்ளே ஒழுகி, எடுத்த படமெல்லாம் வெளுத்துப்போயிற்று. அப்பாவோடு வேலை செய்கிற கரீம் பாய்தான் மெல்லிய ஆட்டுத்தோலைச் சீவிச் சீவி ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் அதில் பாதி துரையின் சீமைத் தோல், பாதி நம் ஆம்பூர் ஆடு.

அப்புறம் வீடு வீடாக இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அடுக்களை எனக்குச் சொந்தமில்லை. அடுப்பை அணைத்து, ஜன்னலுக்குக் கோணி கட்டி, லாந்தருக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி, என் குழம்புத் தட்டில் மருந்தை ஊற்றிக் கண்ணாடித் தகட்டைக் கழுவுவார். நமது கிணற்றுத் தண்ணீர் டேனரி பக்கமாக இருப்பதால் உப்பு. அதில் கழுவினால் தகட்டில் வெள்ளை பூத்துவிடும். ஆகவே பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் எல்லாம் படத்துக்குப் போகும். எவ்வளவு சண்டை போட்டிருப்பேன். ஒரு வேட்டியில் தானே அமிர்தி அருவியை வரைந்து பின்னால் தொங்கவிட்டார். அது யாரோ கஞ்சியைச் சிந்திவிட்ட மாதிரி இருந்தது. கரீம் பாய் அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு, அருவியில் குளித்துவிட்டு வந்தேன் என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நீ பள்ளிக்கூடம் போகாத வயதில் ஒரு நாள் அவர் உன்னைத் தூக்கித் துணிக்குள் விட்டு, பின்பக்கக் கண்ணாடியில் தெரிவதைப் பார் என்றார். எதிரே நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கேமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். நீ ஒரே அலறல். "அம்மா வுழுந்துடும்பா, அம்மாவைப் புடிங்கப்பா" என்று வெளியே ஓடிவந்து என் மடியைக் கட்டிக்கொண்டாய். உன்னைச் சமாதானப்படுத்த நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, இதோ பார், நான் விழ மாட்டேன் என்று காட்டினேன். அப்படியே படம் எடுத்துவிட்டார். அந்தப் படத்தில் நான் ஏதோ பேய் பிடித்தவள் மாதிரி நாற்காலியைப் பற்றிக்கொண்டிருப்பேன். உன்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டில் ஒருவரையும் அதட்டிப் பேசாத மனுஷர், துணிக்குள் தலையை விட்டால் மட்டும் கலெக்டர் ஆகிவிடுவார். அசையாதே என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நீயும் நானும் கட்டுப்பட்டிருக்கிறோம்.

அவருக்கு ஒரு வேலை, ஆறு விளையாட்டு. சைக்கிள், மிஷன் மைதானத்தில் பூப்பந்து, அமிர்திக் காட்டுக்கு நடை, கடிகாரம், ஆர்மோனியம், இந்தக் கேமரா. என்னைக் கேட்டால் டேனரி வேலைதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஒவ்வொன்றாக அவர் விட்டபோது நான் சந்தோஷப்பட்டேன். முதலில் சைக்கிளை விட்டார். இரண்டு தடவை மாட்டுவண்டியில் மோதி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார், வயசுக்கு ஏற்ற புத்தி வந்தது என்று நினைத்தேன். பிறகு பூப்பந்து. பந்து வருகிற திசை தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை, அலுத்துப்போயிற்று என்றார். அமிர்திக்குப் போவதும் நின்றது. ஆர்மோனியம் மட்டும் நிற்கவில்லை. நிற்க வேண்டியது அதுதான் என்று கரீம் பாய் சொல்வார்.

எனக்கு எப்படிச் சந்தேகம் வரும், நீயே சொல். கடிகாரத்துக்குள் மயிரை விட மெல்லிய சுருளை எடுத்து நேராக்குகிறார். ஊசியில் நூல் கோத்துத் தருகிறார். அதே மனுஷர் பக்கத்தில் வைத்த காப்பி டம்ளரைத் தட்டிவிடுகிறார். வாசற்படியில் இடறுகிறார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா. உங்களுக்கு வேண்டியது மட்டும் கண்ணுக்குத் தெரியும், வேண்டாதது தெரியாது என்று ஏசினேன். தெருவில் எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லாமல் போவதாகப் புகார் வந்தது. டேனரி முதலாளி ஒரு நாள் பக்கத்திலேயே நின்று சலாம் சொல்லியிருக்கிறார், இவர் பாட்டுக்கு நடந்திருக்கிறார். படமெடுக்கிற பெரிய மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சு. ரகம் பிரிக்கிற மேஜையில் தோலை விரித்தால், நடுவில் கடுகளவு பழுது இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். ஓரத்தில் கத்தி பட்டுக் கிழிந்திருப்பதை விட்டுவிடுவார். இரண்டு மூன்று தடவை அப்படி ஆன பிறகு முதலாளி அவரை நோகடிக்காமல் கிடங்குப் பக்கம் மாற்றிவிட்டார். வீட்டில் அதை அவர் உத்தியோக உயர்வு என்று சொன்னார். நான் பாயசம் வைத்தேன்.

இப்போது போன கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய். உன் ஆபீஸ் சூப்பரின்டெண்டையும் இரண்டு சிநேகிதர்களையும் கூட்டி வந்தாய். கரீம் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அப்பா உங்களை வெளியே நிறுத்திவிட்டுத் துணிக்குள் போனார். போனவர் வரவே இல்லை. உச்சி வெயில். சூப்பரின்டெண்டு கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார், கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். உன் சிநேகிதன் ஒருவன், பெரியவர் உள்ளேயே தூங்கிவிட்டாரா என்று கேட்டான், மற்றவன் சிரித்தான். நீ பல்லைக் கடித்துக்கொண்டு நடுவில் நின்றாய். கடைசியில் அவர் வெளியே வந்து, தகட்டைச் சொருகி, மூக்கின் மூடியைக் கழற்றினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஓரத்தில் நின்ற சூப்பரின்டெண்டு நிழலுக்கு நடந்துவிட்டார். அப்பாவுக்கு அது தெரியவில்லை. மறுநாள் காலையில் தகட்டைப் பார்த்தால் நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறீர்கள், உன் அதிகாரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை இருக்கிறது.

தகட்டைப் பார்த்து நீ சொன்னதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். "உங்களுக்கு இது வெளையாட்டுப்பா. எனக்கு அவருகிட்ட வேல. இந்த வயசுல உங்களுக்கு இன்னா புடிவாதம்?" என்றாய். அவர், வெயில் ஜாஸ்தி ஆகிவிட்டது என்று மட்டும் முனகினார். நீ காலைப் பலகாரம் சாப்பிடாமல் ரயிலுக்குப் போனாய். அவர் வாசல்வரை வந்து நின்றார். நீ தெருக்கோடியில் திரும்பிக் கை ஆட்டினாய், நான் பார்த்தேன். அவரிடம் சொன்னபோது, ஆமாம், பார்த்தேன் என்றார். அவர் முகம் வேறு பக்கம் இருந்தது. அப்போதுதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது.

தைக்குப் பிறகு, பாகாயத்தில் என் தங்கையைப் பார்க்கப் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, காட்பாடியில் இறங்கி ஜட்கா வண்டி பிடித்து வேலூரில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் நெடுநேரம் பார்த்தார். விரலை இந்தப் பக்கம் நீட்டி, அந்தப் பக்கம் நீட்டி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். அப்பா எதற்குமே தெரிகிறது என்று சொல்லவில்லை. விரல் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் தெரிகிறது என்றார். கண்ணின் நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது, நடுவில் இருப்பது மட்டும் மிச்சம் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். போனது போனதுதான், சொட்டு மருந்து இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அந்தம்மா மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். திரும்பி வரும்போது ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் அழுததை அவர் பார்க்கவில்லை. அவர் பார்வையில் என் கன்னத்துக்கு இடம் இல்லையோ என்னவோ.

வீட்டில் யாருக்கும் இப்படி இருந்ததா என்றும் அந்தம்மா கேட்டார். உன் தாத்தா கடைசியில் சுவரைத் தடவித் தடவி நடந்தார். வயசானால் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். இது வழிவழியாக வருகிற சங்கதியாகவும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே பயம்தான். திருப்பத்தூர் சம்பந்தி வீட்டார் காதில் விழுந்தால், குருட்டுக் குடும்பத்தில் பெண் கொடுப்பதா என்று யோசிப்பார்கள். கல்யாணம் முடிகிறவரை அருளுக்கும் தெரியக் கூடாது, அவன் மனசில் எதையும் மறைத்து வைக்கத் தெரியாதவன் என்றார். அது சரியா, தப்பா, எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ நாள் முழங்காலில் நின்று கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு வழியும் பிறக்கவில்லை. என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். நீ மதராஸில் ஒரு நல்ல கண் டாக்டரிடம் போய்க் காட்டிவிடு. இப்போதே போ, எங்களைப்போல டம்ளர் உடைகிறவரை காத்திருக்காதே. கிரேஸிடம் நீயே சொல். அவள் அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் மறைத்தது பிற்பாடு வெளியே வந்தால் அந்த வீட்டில் நிம்மதி இருக்காது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தாய் எழுதுகிற புத்திமதியில் இது சேருமோ என்னவோ, என்னிடம் வேறு இல்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. இரண்டு வாரம் முன்பு, மத்தியானம் சாப்பிட்டு முடித்து முற்றத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் கேமராவைத் தூக்கிவந்து எனக்கு எதிரே நிறுத்தித் துணிக்குள் போனார். தகடு தீர்ந்து மாதக்கணக்காகிறது, வாங்கவும் இல்லை. நான் பாட்டுக்குக் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன். தலையை வெளியே எடுக்கவே இல்லை. எனக்கும் கோபம் வந்தது, பயமும் வந்தது.

"தகடே இல்லியே, உள்ள இன்னா பண்றீங்க?" என்றேன்.

"உன்னப் பாக்கறேன்" என்றார் துணிக்குள்ளிருந்தே.

நான் கையை நிறுத்தினேன். அவர் வெளியே வராமலே பேசினார். வெளியே இருந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார். "வெளிய பாத்தா உன் மூக்கு தெரியுது. நெத்தி எங்கன்னு தேடணும். நெத்தி கெடச்சா வாய் போய்டுது. எட்டப் போய் நின்னு பாத்தா வெயில் கண்ணுல அடிச்சி எல்லாம் வெளுத்துப் போவுது. துணிக்குள்ள இருட்டா இருக்கா, இந்தக் கண்ணாடில நீ சின்னதா, முழுசா இருக்க. பொடவ, கை, மொறம், எல்லாம் இருக்குது. தலகீழா இருந்தா இன்னா, நான் திருப்பிக்கறேன்."

அப்புறம்தான் கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இதுதானா என்று கேட்டேன். "அருளு நடுவுல நின்னான். கோட்டு போட்டுகினு, கோவமா, முழுசா நின்னான். ரொம்ப நாளு கழிச்சி அவன அப்படிப் பாத்தேன். வெளிய வர மனசு வரல" என்றார்.

கண்ணு, இதை நான் எப்படி வைத்துக்கொண்டிருப்பேன். உன் சூப்பரின்டெண்டு வெயிலில் வெந்ததும், உன் சிநேகிதர்கள் சிரித்ததும், நீ பல்லைக் கடித்ததும், எல்லாம் உன்னைப் பார்ப்பதற்காக. அவருக்குப் படம் வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். மாலையும் கழுத்துமாகக் கிரேஸோடு கோயில் வாசலில் நீ நிற்கும்போது ஒரு தடவை அந்தக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு கண் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்றார். அவர் முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும் என்கிறாய். முன்வரிசையில் உட்கார்ந்தால் அவருக்கு உன் முதுகில் ஒரு சாண் தெரியும்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. டாக்டரம்மாமேலா, உன் தாத்தாமேலா, காலாகாலத்தில் கவனிக்காத என்மேலா. இரவும் பகலும் பக்கத்தில் இருந்து, அவர் கண்ணிலிருந்து வீடு சுருங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன், ஒரு ஓரத்தைக்கூட என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. செய்யக்கூடியதாக ஆண்டவர் என் கையில் விட்டது இந்த ஒரு கடிதம்தான். அதனால் கேட்கிறேன். உன் மாமனார் ஏற்பாடு செய்த ஸ்டூடியோக்காரர் வரட்டும், நல்ல படமாக எடுக்கட்டும், அதுதான் சுவரில் மாட்டப் போகிறது. அவர் எடுத்து முடித்ததும் அப்பாவுக்கு இடம் விடச் சொல். நேரமாகிறது, பந்தி போட வேண்டும் என்று உன் மாமனார் அவசரப்படுவார். அவர் நல்ல மனுஷர், ஆனால் எதிலும் நேரம் பார்ப்பவர். நீ மாப்பிள்ளை, அன்றைக்கு நீ சொன்னால் கேட்பார்கள். முக்காலியைக் கரீம் பாய் தூக்கி வருவார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு மாதமாக டேனரியிலிருந்து வரும்போது அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டுதான் வருகிறார். ஏன் என்று ஒருவர் கேட்டதற்கு, தோஸ்த் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாதா என்று திருப்பிக் கேட்டாராம்.

அப்பாவுக்கு நீயாகவே இப்படி எழுது: அப்பா, கேமராவைக் கொண்டு வாருங்கள் என்று. அதற்குமேல் ஒன்றும் எழுதாதே. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், கிறிஸ்துமஸைப் பற்றியும் வேண்டாம். அந்தக் கடிதத்தையும் நான்தான் படித்துக் காட்டுவேன், இந்தத் தடவை ஒரு எழுத்தையும் விடாமல் படிப்பேன்.

கேமராவில் தகடு இருக்குமா, இருக்காதா, எனக்குத் தெரியாது. நீ அதைக் கேட்காதே. கிரேஸை இடது பக்கம் நிறுத்திக்கொள், மாலையை முகம் மறையாமல் போட்டுக்கொள், நல்ல வெளிச்சத்தில் நில். நான் உன் பக்கத்தில் நாற்காலியில் இருப்பேன். அதன் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறேன், அவருடைய கண்ணாடியில் நான் தலைகீழாகத் தொங்கினாலும் விழாமல் இருப்பேன். அவர் துணிக்குள் போவார். நேரமாகும். யாராவது இருமுவார்கள், யாராவது சிரிப்பார்கள், திருப்பத்தூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நீ திரும்பிப் பார்க்காதே. பித்தளை மூக்கைப் பார்த்துக்கொண்டிரு. உன் அப்பா துணிக்குள்ளிருந்து தானாக வெளியே வரும்வரை, அசையாதே கண்ணு.

உன் அம்மா